உறவுமுறை: அக்கா

1

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதித் தர வேண்டும். பெயர், தொலைபேசி எண், உறவுமுறை. மூன்றே கட்டங்கள்தான். ஓமானில் சோஹாருக்கு வந்து எனக்கு இது ஐந்தாவது வருடம். முந்தைய வருடங்களில் எல்லாம் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் 'மாற்றம் இல்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இந்த வருடம் அப்படி விடவில்லை. போன மாதம் வேலையிடத்தில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுத்தார்கள். அவர் வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். ஆனாலும் இனி ஒவ்வொருவரின் எண்ணையும் அவரை எதிரில் வைத்துக்கொண்டே ஆபீஸில் அழைத்துச் சரிபார்ப்பார்கள் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். என் முறை செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு.

என் தாளில் இருக்கும் பெயர் ஜெயக்கொடி. உறவுமுறை என்ற கட்டத்தில் 'அக்கா' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

எனக்கு அக்கா கிடையாது.

2

இந்தக் குறிப்பில் அவளைப் பெயர் சொல்லியே எழுதப்போகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் காலை ஏழே முக்காலுக்கு ஒரு பஸ். எங்கள் ஊர் அதில் மூன்றாவது நிறுத்தம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தையே முழுதாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மாவுக்கு அதுவும் வராது. நான் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, விழாமல் நிற்பதற்கே பாடுபட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது, ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில்.

"அந்தா எடம் கெடக்குல்ல, உக்காரு," என்றார் கண்டக்டர்.

"லேடீஸ் இருக்காகண்ணே."

அந்தப் பெண் மடியிலிருந்த பையை நகர்த்திக்கொண்டு சொன்னாள்: "உக்காரு தம்பி. கடிச்சிற மாட்டேன்."

"சரிக்கா," என்று உட்கார்ந்தேன்.

அந்த 'அக்கா' அப்படி வந்ததுதான். பயத்தில் வந்தது. எனக்குப் பதினெட்டு, அவளுக்கு இருபத்தாறு. அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். திருச்சுழியிலேயே ஏறிவிடுவாள். மறுநாளிலிருந்து பக்கத்து இடத்தில் தன் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்தாள். யாராவது முறைத்தால் கண்டக்டரே, "அது அக்கா தம்பி சீட்டுப்பா, நீ பின்னால போ," என்று சொல்லிவிடுவார். நம் பக்கத்து பஸ்ஸில் கல்யாணமாகாத ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரே சீட்டில் ஆறு வருடம் உட்கார்ந்து போனோம் என்றால், அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் போனோம்.

மூன்று வருடம் படிப்பு, பிறகு அங்கேயே ஒரு ஆபீஸில் மூன்று வருடம் வேலை. அத்தனை நாளும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. ஏறுகிறவர்களின் கண்ணையும் நகத்தையும் பார்த்து அவர்களுக்கு என்ன நோய் என்று அவள் சொல்வாள். கையிலிருக்கும் பையைப் பார்த்து எந்த ஊர், எதற்காகப் போகிறார் என்று நான் சொல்வேன். தோற்றவர் பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கித் தர வேண்டும்.

அவளைப் பெண் பார்க்க வந்து போனவர்களின் கதையும் அந்தச் சீட்டில்தான் நடக்கும். அப்பா இல்லாத வீடு. இரண்டு தங்கைகள். அவர்களைக் கட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் இவளுக்கு முப்பது வந்துவிட்டது.

"நேத்து வந்தாகடா ஒருத்தவுக. நாலு அதிரசம் சாப்ட்டாக. அவுகளுக்குச் சக்கரை இருக்கு."

"எப்படிக்கா தெரியும்?"

"போன மாசந்தானே அவுகளுக்கு ரத்தம் எடுத்தேன். என்னைய அடையாளம் தெரியல. ஊசியப் பார்த்தாச் சொல்லியிருப்பாக."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த வரன் ஏன் தட்டிப்போனது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

3

ஒரு காதுகுத்து வீட்டில் என் அம்மாவும் அவள் அம்மாவும் சந்தித்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் அடுத்த கால்மணி நேரம் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு யார் என்ன முறை என்று நூல் பிடித்துக்கொண்டே போவார்கள். அன்று சாயங்காலம் அம்மா வந்து சொன்னது:

"ஏலே கருப்பு, அவுகம்மா ஒங்கப்பனுக்கு அக்கா முறை வேணுமாம்டா. அப்ப அந்தப் பிள்ள ஒனக்கு அத்தை மக. நீ என்னடான்னா அக்கா அக்காங்கிற. மதினின்னு கூப்புடு."

மதினி என்றால் கட்டிக்கொள்ளும் முறை. மூத்தவளாக இருந்தால் கேலிக்காவது உரிமை உண்டு. மறுநாள் பஸ்ஸில் தயங்கித் தயங்கி இதை ஜெயக்கொடியிடம் சொன்னேன்.

"எங்கே, கூப்புடு பாப்போம்," என்றாள்.

வாயைத் திறந்தேன். பின்சீட்டில் எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஒரு தரம் அவர்கள் காதில் விழுந்தால் போதும், அருப்புக்கோட்டை போய்ச் சேரும்வரை எங்களை விடமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அக்கான்னே இருக்கட்டும் விடு. சீட்டாவது மிஞ்சும்," என்றாள்.

அன்றைக்கு எனக்கு இருபது வயது. அவள் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது என்று இன்று எழுதலாம். அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

4

இங்கே வந்து இறங்கிய முதல் நாளே அந்தத் தாளைக் கொடுத்தார்கள். அப்பாவின் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது. அம்மாவுக்குப் புது எண் வந்தால் எடுக்கப் பயம். ஏதாவது ஒன்று நடந்தால் பதறாமல் கேட்டு, வீட்டில் போய்ப் பக்குவமாகச் சொல்லக்கூடிய ஆள் எனக்கு இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். எழுதினேன். உறவுமுறை என்ற கட்டத்தில் யோசிக்கவே இல்லை. தோழி என்று எழுதினால் ஒப்புக்கொள்வார்களா, அந்தச் சொல் எங்களுக்குப் பொருந்துமா என்பதெல்லாம் பிறகு வந்த கேள்விகள்.

சோஹாரைப் பற்றி ஊரில் எல்லோரும் பாலைவனமா, ஒட்டகம் உண்டா என்று கேட்கிறார்கள். ஒட்டகம் உண்டு. அதைவிட அதிகமாகச் சீமைக்கருவேலம் உண்டு. எங்கள் தங்கும் இடத்துக்குப் பின்னால் அப்படியே நம் திருச்சுழிக் காடு கிடக்கிறது. முதல் தடவை பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. இதை விட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது.

அவளுக்கு மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு. எனக்கு இங்கே அப்போது பன்னிரண்டு. தினமும் அந்தக் கால்மணி நேரம் பேசுவோம். முதல் வாரத்தில் ஒருநாள் சொன்னாள்:

"இன்னைக்கும் பழக்கத்துல டிபன் பைய ஒன் எடத்துல வச்சுட்டேன்டா. ஒரு பாட்டி வந்து, பக்கத்துல ஆளு வருதாம்மான்னு கேட்டாக."

"என்ன சொன்னீங்க?"

"வருதுன்னுட்டேன்."

பஸ் அருப்புக்கோட்டை போகும்வரை அந்தப் பாட்டி நின்றுகொண்டே வந்ததாகவும், தனக்குப் பாவமாக இருந்ததாகவும், ஆனாலும் பையை எடுக்கக் கை வரவில்லை என்றும் சொன்னாள். நான் போனைக் காதில் வைத்தபடி கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தெரியாதது கடல் தாண்டிய பிறகு தெரிந்தது.

பிறகு எங்கள் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. நான் 'அக்கா' என்பதைக் குறைத்தேன், பிறகு விட்டேவிட்டேன். அவளும் 'தம்பி' என்பதை நிறுத்தினாள். ஒருவரை ஒருவர் கூப்பிடச் சொல்லே இல்லாமல், "ம், சொல்லுங்க," "சொல்லு" என்றே பல மாதம் ஓட்டினோம்.

இரண்டாவது வருடம். ஒரு மதியம் போனை எடுத்ததும் கேட்டாள்: "சாப்ட்டீகளா?"

எட்டு வருடமாக "சாப்ட்டியாடா" என்று கேட்டவள்.

நம் பக்கத்தில் ஒரு பெண் தன்னைவிட எட்டு வயது சின்னவனை எப்போது 'சாப்ட்டீகளா' என்பாள் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் பக்கத்தில் யாரோ ஸ்டூலை இழுக்கிற ஓசை கேட்டது.

"வாய் தவறிருச்சு," என்றாள்.

"தவறலன்னே வச்சுக்கிருவோம்," என்றேன்.

அழுதாள். சிரித்தாளோ என்னவோ. போனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

5

முதல் லீவில் ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் இருந்த உளுந்தைக் கீழே வைத்தாள்.

"எட்டு வயசு மூத்தவடா."

"இருக்கட்டும்மா. முறை சரியாத்தானே இருக்கு? மதினின்னு கூப்புடுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். கூப்புட்டியா? அன்னைக்கே கூப்புட்டிருந்தா, நான் பேசுனாலும் பேசாட்டாலும் ஊரே ஒங்களுக்குக் கல்யாணம் பேசியிருக்கும். ஊரறிய அக்கா அக்கான்னு கூப்புட்டுப்புட்டு அவ கழுத்துலயே தாலி கட்டுவியா? கேக்குறவன் காறித் துப்ப மாட்டான்?"

அப்பா வெளியிலிருந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பிள்ளையக் கேட்டியா? அது என்ன சொல்லுது?"

அவளைக் கேட்க மறுநாள் அதே ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். டிபன் பை என் இடத்தில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா சொன்னதைச் சொன்னேன். அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன், அப்பா குறுக்கே நிற்க மாட்டார் என்றேன்.

ஜெயக்கொடி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள். முன்நெற்றியில் இரண்டு மூன்று முடி நரைத்திருந்தது. மறைக்கவில்லை.

"எனக்கு வயசு பயமில்ல," என்றாள். "ஒங்களுக்கு நாப்பது ஆகையில எனக்கு நாப்பத்தெட்டு. அதக் கேக்குறவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிருவேன். இந்த ஊருக்கு முன்னால என்னைய என்னன்னு கூப்புடுவீக? அத மட்டும் சொல்லுங்க."

"பேரச் சொல்லிக் கூப்புடுவேன்."

"இப்பக் கூப்புடுங்க. இந்த பஸ்ஸுல, நாலு பேரு கேக்க."

கூப்பிடத்தான் போனேன். சத்தியமாக. பெயரின் முதல் எழுத்து நாக்கில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து அதே கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா, பாரின்காரரு! எப்ப வந்தீக தம்பி? அக்காளுக்கு என்ன வாங்கிட்டு வந்தீக?"

"அக்காவுக்கு வாட்ச் வாங்கிட்டு வந்தேண்ணே," என்றேன்.

நான் நினைத்துச் சொன்னதில்லை. ஆறு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. கண்டக்டர், "குடுத்து வச்ச அக்கா," என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய் தவறிருச்சு," என்றேன்.

"இல்ல," என்றாள். "தவறல."

பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாள். மெதுவாக, கோபமே இல்லாமல்.

"ஒன் மேல குத்தமில்ல. நாளைக்கு நம்ம கல்யாணம் பண்ணுனா இந்தக் கண்டக்டர் என்ன நெனப்பாரு? ஆறு வருசமும் அந்தச் சீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஊரு திரும்பவும் முதல்லருந்து எழுதும். எனக்குன்னு சுத்தமா இருக்கது அந்தச் சீட்டு ஒண்ணுதான். அதயும் பேச்சுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல தம்பி."

'ஒன்', 'தம்பி'. இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

வாட்சை வாங்கிக்கொண்டாள். கையில் கட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு," என்றாள். லேபுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

6

இங்கே சோஹாரில் எங்கள் பக்கத்துப் பாளையம்பட்டிக்காரர் காஜா அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் பேசுவாள். ஆனால் நானும் அங்கிள், காய்கறிக் கடைக்காரரும் அங்கிள், அவள் அம்மாவின் சொந்தத் தம்பியும் அங்கிள்தான். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்.

"முறை தெரியாம வளருதுக கருப்பு. நாளைக்கு ஊர்ல போயி யாரை என்னன்னு கூப்புடும்?"

நானும் முன்பெல்லாம் வருத்தப்பட்டிருப்பேன். இப்போது அந்தப் பிள்ளையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எந்தச் சொல்லும் அவளைக் கட்டிப்போடாது.

ஜெயக்கொடிக்குக் கல்யாணம் போன வருடம். மாப்பிள்ளைக்கு ஊர் பாலவனத்தம். மனைவியை இழந்தவர், ஏழு வயதில் ஒரு மகன். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் அம்மா எனக்குப் போன் செய்தார்கள்.

"தம்பி, அவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்லைன்னு ஒனக்குத் தெரியும். முறை வேறன்னாலும் ஊரறிய நீதானே அவளுக்குத் தம்பி, மச்சினன் முறைக்கு நீதான்ப்பா நிக்கணும். மாப்பிள்ளை மோதிரம் போடுவாக. நீ இல்லாம எப்படி?"

மணப்பெண்ணின் தம்பிக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவது நம் வழக்கம். அந்த மோதிரத்துக்கு விரலை நீட்டத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். லீவு கிடைக்கவில்லை அத்தை என்றேன். உண்மையில் என் லீவு கையில் இருந்தது. நான் கேட்கவே இல்லை. முகூர்த்த நேரத்தில் இங்கே ஒரு வரைபடத்தில் அளவுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று தடவை தப்பாகத் திருத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போய் வந்த காஜா அண்ணன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். "ஒங்க அக்கா வீட்ல குடுத்து விட்டாக." உள்ளே அந்த மோதிரம். பாஸ்போர்ட்டோடு பெட்டியில் கிடக்கிறது. நான் போட்டுப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசவும் இல்லை.

7

செவ்வாய்க்கிழமை. ஆபீஸில் ஷம்சா என்ற ஓமானியப் பெண் என் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். எண்ணை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். அப்பாவின் எண்ணைத் தரலாம் என்றுதான் போயிருந்தேன். காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில்கூட வைத்திருந்தேன். நான் அதை எடுப்பதற்குள் அவள் எண்களை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

நான்காவது மணியில் ஜெயக்கொடி எடுத்தாள். பின்னால் ஒரு சிறுவன் வாய்ப்பாடு சொல்கிற சத்தம்.

"ஹலோ, ஓமானிலிருந்து பேசுகிறோம். மிஸ்டர் கருப்பசாமியின் அவசரத் தொடர்பு எண் இதுதானே? நீங்கள் அவருடைய அக்காவா?" என்று ஷம்சா ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஓமான், கருப்பசாமி, அவசரம். இந்த மூன்று சொல்லும் ஒன்றாகக் காதில் விழுந்தால் ஊரில் இருப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. அடுத்து வந்தது நான் கேட்டறியாத குரல்.

"அய்யோ, அவுகளுக்கு என்னாச்சு? சொல்லுங்க, அவுகளுக்கு என்னாச்சு?"

அவுகளுக்கு.

வாய்ப்பாடு நின்றுவிட்டது. நான் போன் பக்கம் குனிந்தேன்.

"ஒண்ணுமில்ல. நான்தான். நல்லா இருக்கேன். நம்பரு சரியான்னு சும்மா பாக்குறாக, அவ்வளவுதான்."

மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக, ஒருதரம், இன்னொருதரம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தச் சிறுவனிடம், "ஒண்ணுமில்லய்யா, நீ படி," என்றாள். அதற்குள் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"சாப்ட்டியாடா தம்பி?"

"சாப்ட்டேன்க்கா."

ஷம்சா தமிழ் தெரியாமல் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், பாவம், உங்கள் அக்காவைப் பயமுறுத்திவிட்டேன் என்றாள். எண் இதுவே இருக்கட்டுமா, உறவுமுறை சரிதானே என்று கேட்டாள்.

சரிதான் என்றேன். அவள் கட்டத்தில் டிக் போட்டாள். சட்டைப் பையில் அப்பாவின் எண் அப்படியே இருந்தது.